நைனாவின் வலது கண்

1

"இந்தப் படம் எடுத்தபோது உங்கள் அப்பா உயிரோடு இருந்தாரா?"

ஹெலன் இதைக் கேட்டபோது நான் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு மழையில் ஓடி வந்திருந்தேன். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முக்கால்வாசிப் பேச்சு எனக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊர். இந்த வட்டாரத்திலுள்ள அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றுக்குக் கைகொடுக்க மக்கள் வரிப்பணத்தில் ஓர் அமைப்பு நடக்கிறது. அதன் பெயர் நீளமானது. இந்தக் குறிப்புகளில் அதை மரபுச் சேவை என்றே சொல்லிக்கொள்கிறேன். பழைய படங்களைச் செப்பனிடுவது அங்கே ஹெலனின் வேலை. என் நைனாவின் படம் குளிர்காலம் முழுவதும் அவர் மேசையில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். நான் நைனா என்று கூப்பிட்டதெல்லாம் அந்தப் படத்தைத்தான்.

2

அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், எங்கள் வீடு இருந்தது. ஒரே அறை. கதவைத் திறந்ததும் எதிரே சுவரில் நைனா. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் லேசாக வண்ணம் தீட்டியது. வெள்ளைச் சட்டை, அடர்த்தியான கிருதா, நெற்றியில் காசு அளவுக்குப் பெரிய குங்குமப் பொட்டு. இவ்வளவு பெரிய பொட்டை எந்த ஆண்பிள்ளை வைத்துக்கொள்வார் என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "பக்தி ஜாஸ்தி உங்க நைனாவுக்கு" என்பாள்.

அவர் கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவர். வடபழனி, தி.நகர் பக்கம் எத்தனையோ மாப்பிள்ளை பெண்ணை வெளிச்சத்தில் நிற்க வைத்தவர். அவருடைய கல்யாணம் வடபழனி கோயிலில் நாலு பேர் முன்னால், படம் பிடிக்க ஆளில்லாமல் நடந்தது. அம்மா வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த கல்யாணம். ஒரு மழை நாளில், ஈரமான சவுக்குக் கட்டையில் ஏறி ஒயரைப் பிடித்தவர் இறங்கவில்லை. கையில் உறை இல்லை. அந்தக் காலத்தில் யார் கொடுத்தார்கள்?

அதனால்தான் மற்ற வீடுகளில் செத்தவர் படத்தைச் சுற்றி மினுக்மினுக்கென்று பல்பு ஓடும்போது எங்கள் வீட்டில் மட்டும் எண்ணெய் விளக்கு. அம்மா பல்பு கட்ட விடமாட்டாள்.

அந்தக் கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கே நின்றாலும் அவை என்னைப் பார்க்கும். எல்லாப் படமும் அப்படித்தான் என்பார்கள். ஆனால் இவை வேறு மாதிரி. முகத்தில் ஓர் அசைவும் இருக்காது, கண் மட்டும் பரபரவென்று இருக்கும். எதையோ முதல்தடவை பார்ப்பது போல. உடை மாற்றும்போது படத்தைத் துண்டால் மூடுவேன். பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கினால் கதவைத் திறக்கவே பயம். அம்மாவைவிட அவரிடம்தான் பயம்.

நைனா நினைவு நாளன்று அம்மா கறிக்குழம்பு, வடை, ஒரு கட்டு பீடி வைத்துப் படைப்பாள். படத்தின் பொட்டு மேல் குங்குமம் வைப்பாள். பிறகு என்னை இழுத்து உட்காரவைத்து, விளக்குக் கரியைத் தொட்டு என் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைப்பாள். கைக்குழந்தைக்கு வைப்பதைப் போல. நான் கல்லூரிக்குப் போன பிறகும் வைத்தாள். கல்யாணமான பிறகும் வைத்தாள். "ம்மா, நான் என்ன கொழந்தையா?" என்றால், "சொம்மா குந்து" என்று சொல்லி மண்டையில் ஒரு தட்டு.

பிறகு ஆறு ஒருநாள் வீட்டுக்குள் வந்தது. கழுத்தளவு. தண்ணீர் வடிந்தபின், கண்ணாடி உடைந்து சேற்றில் கிடந்த படத்தை எடுத்தவள் அம்மாதான். நான் பார்க்கும்போது முகத்தின் வலப்பாதி முழுக்கச் சேறு அப்பியிருந்தது. துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "தொட்டா உரிஞ்சிடும். அப்படியே கெடக்கட்டும்" என்று துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். ஆற்றங்கரை ஆட்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பியபோது அந்தத் துணிமூட்டையும் போனது. புது வீட்டுச் சுவரில் முதல் வேலையாக ஆணி அடித்தாள். அதில் ஒன்றும் மாட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் ஆணிக்கு மாலை போட்டாள், ஆணிக்குப் படைத்தாள்.

போன முறை நான் ஊருக்குப் போனபோது மூட்டையை என் மடியில் வைத்தாள். "உங்க ஊர்ல பழசெல்லாம் நல்லா ரிப்பேர் பண்ணுவாங்களாமே. இவர இட்டுகினு போ" என்றாள்.

3

எங்கள் ஊர் நூலகத்தில் வாரம் ஒருநாள் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். மகள் இனியாவை அதற்குக் கூட்டிப் போவேன். அவளுக்கு ஆறு வயது. தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அதைப் பற்றிக் கவலைப்பட்டே என் பாதி நாள் போகிறது, மீதி நாள் கவலைப்படுவது தப்போ என்ற கவலையில்.

மரபுச் சேவையின் அறிவிப்பை அந்த நூலகத்தில்தான் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் வாழும் யார் வேண்டுமானாலும் வீட்டுப் பழைய படங்களைக் கொண்டு வரலாம். பழுது பார்த்துத் திருப்பித் தருவார்கள். ஒரு நகல் காப்பகத்தில் இருக்கும், அவ்வளவுதான். 'யார் வேண்டுமானாலும்' என்பதில் நானும் உண்டா என்று மூன்று பேரிடம் கேட்டேன். உண்டு என்று மூவரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடமும் கேட்டேன். "போய்த்தான் பாரேன், கழுத்தையா புடிச்சித் தள்ளப் போறாங்க?" என்றார்.

மரபுச் சேவைக் கட்டடத்தின் வரவேற்பில் இருந்த பெண் என்ன உதவி வேண்டும் என்றாள். பதற்றத்தில், வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லிவிட்டேன்: "அப்பாவைக் கொண்டுவந்திருக்கிறேன்."

அவள் எழுந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த நாற்காலியைத் திரும்ப வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டையை அதில் வைத்தேன். என் முறை வரும்வரை நைனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஹெலன் மெல்லிய நீலக் கையுறைகளைப் போட்டுக்கொண்டுதான் மூட்டையை அவிழ்த்தார். கையில் உறை இல்லாமல் செத்தவரைத் தொடுவதற்கு ஒருத்தி உறை போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அரசாங்கத்துச் சம்பளம் வாங்குகிற ஒருவர் என் நைனாவை இவ்வளவு பதனமாகத் தூக்குவது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

4

ஆக, இப்போது ஹெலனின் கேள்வி.

அவர் என்னை மேசைக்கு அழைத்துப் போனார். சேறு முழுக்கப் போயிருந்தது. படத்தின் பக்கவாட்டில் ஒரு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். மேலேயிருந்து பார்த்தால் தெரியாத மேடுபள்ளமெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன.

"இதெல்லாம் படம் எடுத்த பிறகு மேலே தீட்டிய மை" என்று ஒரு சின்னக் குச்சியால் தொடாமல் காட்டினார். "இந்தக் கிருதாவுக்கு அடியில் ஒரு துணி இருக்கிறது. தாடையிலிருந்து தலைக்கு மேல் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். நெற்றியில் இந்த வட்டம் வரைந்ததில்லை. அங்கே ஏதோ உலோகம் ஒட்டியிருக்கிறது, அதன் மேல் சிவப்பு தீட்டியிருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."

எனக்குத் தெரிந்தது. நம்மூரில் யாருக்கும் தெரியும். வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டு கட்டுவோம். நெற்றியில் ஒற்றை ரூபாய் ஒட்டுவோம்.

இத்தனை வருடம் அந்த ரூபாய்க்குத்தான் அம்மா குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்களும் வரைந்தவைதான்" என்றார் ஹெலன். "இடது கண் அப்படியே இருக்கிறது. மிக நன்றாக வரைந்திருக்கிறார்கள். வலது கண்ணின் மை போய்விட்டது. சேற்றுக்கு அடியில் இப்படித்தான் இருந்தது."

வலது கண் மூடியிருந்தது. மூடிய இமை, ஓரத்தில் கொஞ்சம் வீக்கம். இடது கண் மட்டும் வழக்கம்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்காலி எங்கே என்று தேடினேன்.

ஹெலன் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் வேலையின் விதியைச் சொன்னார். இருப்பதை இருக்கிறபடி காப்பாற்றுவார்கள். இடது கண்ணின் மையைச் சுரண்ட மாட்டார்கள், அதுவும் படத்தின் வரலாறு. வலது கண்ணைப் புதிதாக வரையவும் மாட்டார்கள். "நான் வரைந்தால் அது உங்கள் அப்பா பார்ப்பது ஆகாது. நான் பார்ப்பது ஆகிவிடும்" என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமான ஆட்களிடம் கெஞ்சுவது கஷ்டம். வேறு யாரும் இதன் மேல் தீட்ட விடாதீர்கள், மிச்சமும் உரிந்துவிடும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டிய பிறகு அது வாக்காகிவிட்டது.

அன்று மதியம் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். பட்டினப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம்.

"இன்னாடி, ஆய்டுச்சா?"

"ஆய்டுச்சும்மா. சேறெல்லாம் போய்டுச்சு."

திரையில் அம்மாவின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"எல்லாச் சேத்தையுமா எடுத்துட்டாங்க?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம? ஸ்டுடியோக்காரன ஆஸ்பத்திரிக்கு இட்டாந்ததே நான்தான். வீட்ல ஒரு போட்டோ கெடையாது. நாளைக்கு உனக்கு இன்னாத்த காட்றது? செவுத்தையா?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? செத்த மூஞ்சதான் நீ கும்புட்டுகினு கீறேன்னா? நல்லா கீதே."

"அந்தக் கண்ணு…"

"வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கி முந்தானையால ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணு முந்தானையோட வந்துடுச்சி." தன் புடவையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மறுபடியும் செத்தாப்ல ஆய்டுச்சி எனக்கு. இன்னா பண்றதுன்னு தெரில. அதே சேத்த எடுத்து மேல அப்பிட்டேன். சேறுன்னா சேறுன்னு கெடக்கும். மூடின கண்ண யாரு பாக்கறது?"

நான் விதியைச் சொன்னேன். ஹெலன் சொன்ன நியாயத்தை என்னால் முடிந்த தமிழில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு அது போட்டோ. சரிதான். எனக்கு இன்னா அது? தபாரு மஞ்சு, இந்த வருசம் நான் ஆணிக்குப் படைக்க மாட்டேன். ரெண்டு கண்ணும் தொறந்து இட்டுகினு வந்தா இங்க மாட்டு. மூடிகினு வந்தாருன்னா உங்க ஊர்லயே வெச்சிக்க. ஒரு தபா எடுத்துட்டோம். இன்னொரு தபா என்னால எடுக்க முடியாது."

எடுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பிணத்தை எடுப்பது.

"யாரு கண்ணப் பாத்து வரைஞ்சாங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அத்த வுடு" என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

5

படம் வீட்டுக்கு வந்தது. அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில், எப்படிப் பிடிக்க வேண்டும் என்ற குறிப்போடு. நகல் அவர்களிடம் இருந்தது. யார் பார்க்கலாம் என்று கேட்டார்கள். குடும்பம் மட்டும் என்றேன். பிறகு, இவ்வளவு செய்தவர்களிடம் அப்படிச் சொன்னது நன்றிகெட்டதனமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை.

பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இனியாவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறாள். நான் அலறிக்கொண்டு போனபோது மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், குறிப்பில் சொன்னபடியே ஓரங்களைப் பிடித்து.

"தாத்தா தூங்குறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமா."

"பாதிதான் தூங்குறார். இந்தக் கண் ஏமாற்றுகிறது. நானும் அப்படிச் செய்வேன்."

பயமே இல்லை அவளுக்கு. சாய்ந்த வெயிலில் அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோது, படத்தின் இடது கண்ணும் அவள் கண்ணும் ஒன்றாக இருந்தன. பேத்திக்குத் தாத்தாவின் கண் வருவது இயற்கைதானே என்று சொல்லிக்கொண்டேன். உடனே இன்னொன்று தோன்றியது. இது தாத்தாவின் கண்ணே இல்லையே. யாரோ வரைந்த கண். வரைந்த கண் எப்படி என் மகளுக்கு வரும்?

அதற்குப் பிறகு பள்ளிக்குப் போகும் பஸ் மரபுச் சேவையின் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் இனியா உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்பாள். தாத்தாவின் நகல் அங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். எழுப்பிவிடக் கூடாதாம். பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கட்டடம் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டும் இருப்பேன்.

6

நினைவு நாளுக்குச் சில நாள் முன்னால் ஊருக்குப் போனோம். ஹெலனுக்குக் கொடுத்த வாக்கும் அம்மாவின் கட்டளையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, நான் ஒரு நடுவழி கண்டுபிடித்திருந்தேன். அசல் படத்தைத் தொட வேண்டாம். மரபுச் சேவை எனக்கும் அனுப்பியிருந்த டிஜிட்டல் நகலிலிருந்து புதிதாக ஒரு பிரிண்ட் போட்டு அதில் கண்ணைத் திறந்துகொள்ளலாம்.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டிஜிட்டல் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கேதான். அம்மாவும் நானும் இனியாவும் போனபோது கடைக்காரர் குமார் ஒரு காதுகுத்துப் பிள்ளைக்கு கிரீடம் வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். படத்தைத் திரையில் திறந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இன்னாக்கா, தாத்தா கண்ணடிக்கிறாரா?"

அம்மா பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.

"கண்ணடிச்சித்தான்ப்பா என்னிய இட்டுகினு வந்தாரு."

"அப்போ அப்படியே வுட்ரலாமே?"

"ஏய், பேஜார் பண்ணாத. தொற."

"செத்தப்புறம் எடுத்ததாம்மா? எங்கப்பா காலத்துல இதுமாரி நெறைய வரும். இப்ப எல்லாருகிட்டயும் செல்போன் கீது, பொணத்துக்குக்கூட செல்ஃபி கீது. ரெண்டு நிமிசம்." இடது கண்ணைச் சுற்றிக் கோடு போட்டார். நகலெடுத்தார். புரட்டி வலப்பக்கம் வைத்தார். "முடிஞ்சிது. பாருங்க."

பார்த்தோம். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. ஆனால் ஒன்றையொன்று பார்ப்பது போலிருந்தன. ஒரு கண்ணில் வெளிச்சம் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். கொலு பொம்மைக்குக் கண் வைத்தது போல நைனா முழித்தார்.

"இது அவுரு இல்ல" என்றாள் அம்மா.

குமாரும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரிலேயே கண் உண்டாக்கிப் பார்த்தார். அது யாரோ சினிமாக்காரர் கண் மாதிரி பளபளத்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உயிருள்ள கண்ணு ஒண்ணு வோணும்மா. சொந்தத்துல யாரு கண்ணாவது…" என்றபடி நாற்காலியைச் சுழற்றினார். கல்லாப் பக்கத்தில் ஸ்டிக்கர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த இனியாவிடம் அவர் பார்வை நின்றது. "அட, கைலயே வெண்ணெய வெச்சிகினு! பாப்பா கண்ணு அச்சு அசல் அதே கண்ணு. பாப்பா, இப்படி வா, இந்த ஸ்டூல்ல குந்து, ஒரே க்ளிக்…"

இனியா சந்தோஷமாக வந்தாள். அம்மா எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் விழுந்தது. ஒரே எட்டில் வந்து பேத்தியின் கண்கள் இரண்டையும் உள்ளங்கையால் பொத்தினாள்.

"அவ கண்ண எடுக்காத. ஒருத்தி குட்த்தது போதும்."

குமார் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"யாரும்மா குடுத்தது?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

அம்மா பேத்தியை விடவில்லை. அவள் தலைக்கு மேலிருந்து என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த ஸ்டுடியோ ஆளு கேட்டான். கண்ணு எப்படி இருக்கும், எனுக்கு ஒரு சாடை வோணும்னான். எனுக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. ரெண்டு வருசம் கூட வாழ்ந்திருக்கேன், கண்ணு எப்படி இருந்துச்சின்னு கேட்டா ஒண்ணும் வரல. நீ இடுப்புல இருந்த. பொண்ணுக்கு அப்பன் கண்ணுதான்னு எல்லாரும் சொல்லுவாங்க. தோ, இத்த பாத்து போடுன்னு உன்ன மேச மேல குந்த வெச்சேன்."

அம்மா பேத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கொழந்தையாவது அப்படி குந்துமா? அழல, சிணுங்கல, கண்ணு கொட்டல. அவன் வரைஞ்சி முடிக்கிற வரிக்கும் அவனயே பாத்துகினு இருந்த. அப்பவே எனுக்குத் திக்குன்னு ஆச்சி. உயிரோட கீற புள்ள கண்ண எடுத்து செத்தவருக்கு வெச்சிட்டமேன்னு. மாட்டின நாள்லேந்து பயம்தான். அவுரு பாக்குறாரா நீ பாக்குறியான்னு எனுக்குத் தெரியவே தெரியாது."

காதுக்குப் பின்னால் எனக்குக் குறுகுறுத்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இத்தனை வருடம் துண்டு போட்டு மூடியது எந்தக் கண்ணை? குறைந்த மார்க்குக்குப் பயந்து கதவருகே நின்றது யாருக்காக? பத்து மாதக் குழந்தை ஒன்று தன் அப்பாவின் முகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, வளர்ந்துவரும் என்னை எதையோ முதல்தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

விழுந்த நாற்காலியைக் குமார் நிமிர்த்தி வைத்தார். "அக்கா, அப்ப வேற நாள் வரீங்களா?" என்றார், பாவம்.

நான் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

"ஏய், வேணாம்டி" என்றாள் அம்மா. "உனக்கும் ஒரு புள்ள கீது."

"ஏற்கெனவே ஒண்ணு அங்கதான் கீதும்மா" என்றேன். இங்கிலாந்துக்குப் போன பிறகு இந்தத் தமிழ் என் வாயில் வருவது அபூர்வம். "இன்னொண்ணு தனியா இன்னா பண்ணப் போவுது?"

அம்மா பேத்தியின் கண்ணைப் பொத்தியிருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.

"கேமரா மேல ஒட்டிகீற பொட்டப் பாருங்கக்கா. லைட்ட பாக்காதீங்க" என்றார் குமார். "அழுவாதீங்க, செவந்துடும். அப்புறம் தாத்தா சரக்கு சாப்ட மாரி இருப்பாரு."

நான் அழவில்லை. கண் கொட்டவும் இல்லை. அந்த மேசையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேனாம்.

7

நினைவு நாளன்று காலையில், ஊருக்கு வெளியே அந்த ஆறாவது மாடி வீட்டில், பழைய சட்டத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு நானே அடுக்கினேன். முதலில் புதுப் படம். அதன் பின்னால் ஹெலன் கொடுத்த மெல்லிய தாள். அதன் பின்னால் அசல். சாகும்போது நைனாவுக்கு என் இப்போதைய வயதுகூட இல்லை. இடது கண் என் குழந்தைக் கண், வலது கண் அவரைவிட மூத்த ஒருத்தியின் கண். சேர்ந்திருக்குமா என்று பயந்தேன். சேர்ந்துதான் இருந்தது. ஒரு கண் கேட்கிறது, ஒரு கண்ணுக்குப் பதில் தெரியும் என்பது போல.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டச் சொன்னாள். கறிக்குழம்பு, வடை, பீடி. பொட்டு மேல் குங்குமம் வைக்கப்போனவள், கையை நிறுத்தி, பிறகு வைத்தாள்.

"தாத்தா இப்ப தூங்கலையா?" இனியா கேட்டாள். தமிழில். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை, அவளுக்கு அதில் அதிசயமில்லை.

"முன்னால முழிச்சிகினு கீறாரு. பின்னால தூங்குறாரு" என்றாள்.

பிறகு விளக்குக் கரியைத் தொட்டு என் காதுக்குப் பின்னால் வைத்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும். இந்த முறை நானே தலையைச் சாய்த்துக் கொடுத்தேன்.

செய்தது சரிதானா? இங்கிலாந்துக்குத் திரும்பியதும் ஹெலனுக்கு எழுதினேன். அசலைத் தொடவில்லை என்று மட்டும் எழுதினேன், மிச்சத்தை எழுத ஆங்கிலம் வரவில்லை. அவர் மகிழ்ச்சி என்று பதில் அனுப்பினார். இங்கே, பனிமூட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கட்டடத்தில், நைனா பாதி தூங்கிக்கொண்டிருக்கிறார். இனியா இன்னும் "ஷ்ஷ்" சொல்கிறாள். என்றைக்காவது அவள் சொல்ல மறந்தால் நான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

வாரக் கடைசியில் அம்மா வீடியோவில் வருவாள். பேசி முடித்ததும், "உங்க நைனாவப் பாரு" என்று போனை ஆணிப் பக்கம் திருப்புவாள். அங்கே நெட் எப்போதும் தகராறு. படம் அப்படியே நின்றுவிடும். திரை நிறைய அவர் முகம். மூலையில், சின்னக் கட்டத்தில் என் முகம். இரண்டும் அசையாமல், ஒரே கண்களால் ஒன்றையொன்று பார்த்தபடி. அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் மட்டும், கொஞ்சம் நடுக்கத்தோடு, "மஞ்சு? கீறியா?" என்று கேட்கும்.

அவள் பயந்துவிடக் கூடாதென்று, நான் முதலில் இமைக்கிறேன்.